அமைச்சர் கடிதம் இல்லாமல் போன நேர்முகத் தேர்வு

இலங்கையில் அரச கூட்டுத்தாபனம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர் வேலைக்குப் பரீட்சை எழுதி, நேர்முகத் தேர்வுக்கும் அழைப்பு வந்தது. உடனே வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டு அங்கிள், "தம்பி, அமைச்சரிட்ட ஒரு கடிதம் எடுங்கோ, சும்மா போனா சரிவராது" என்றார். நல்ல மனுசன், அக்கறையில்தான் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை, கடிதம் கேட்டுப் போகவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

கோபப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் இரண்டு வேலை செய்தேன். ஒன்று, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு. அடிப்படை உரிமை வழக்குக்கு உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதம்தான் அவகாசம், அதற்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அதனால் மற்றப் பதில்கள் வரட்டும் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவே தேவையில்லை. புள்ளித் திட்டம், என் புள்ளிகள், தெரிவானவர்களின் புள்ளிகள் பெயர் இல்லாமல், இவ்வளவும் கேட்டேன். பெயரோடு கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடலாம்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போட்ட பிறகுதான் தாள் வந்தது. பெயர்கள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. எழுத்துப் பரீட்சையில் என்னைவிடக் குறைந்த சிலருக்கு "பொதுப் பொருத்தப்பாடு" என்ற நிரலில் ஏறக்குறைய முழுப் புள்ளி. எதை வைத்துப் போட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

2001 இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம், அரச ஊழியர் நியமனங்களைப் பார்க்கும் அரச சேவை ஆணைக்குழுவைச் சுயாதீனமாக்கியது, 2010 இல் 18ஆவது அதன் உறுப்பினர்களின் நியமனத்தை ஜனாதிபதியின் கைக்கே கொடுத்தது, 2015 இல் மீட்டு, 2020 இல் மறுபடி பறித்து, 2022 இல் 21ஆவது திருத்தத்தால் திரும்பக் கொண்டுவந்தார்கள். இத்தனை இழுபறிக்குப் பிறகும் கூட்டுத்தாபனங்களின் ஆட்சேர்ப்பு அந்த ஆணைக்குழுவுக்குள் வரவில்லை. பணிப்பாளர் சபையை அமைச்சர் நியமிக்கிறார், சபை ஆட்களை எடுக்கிறது. சீர்திருத்தம் என்றால் முதலில் இந்த ஓட்டையை அடைக்க வேண்டும், நேர்முகப் புள்ளிக்குக் காரணம் எழுதுவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

அந்தத் தாளின் பிரதியை முறைப்பாட்டுக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். விசாரணை நடக்கிறது.