பச்சைத் திரவமும் நாக்கடி மாத்திரையும்

கிழக்கு லண்டனில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும் வருகிறவர்களில் இரண்டு பேராவது மெத்தடோனுக்கு வருவார்கள்; ஹெராயின் பழக்கத்திலிருந்து மீளக் கொடுக்கும் மருந்து அது. பச்சைத் திரவம், ஒரு மில்லிலீட்டரில் ஒரு மில்லிகிராம். மருந்து எழுதிய நீலச் சீட்டில் 60 மில்லிகிராம் என்றிருந்தால் 60 மில்லிலீட்டர் அளந்து கொடுத்து, என் கண் முன்னாலேயே குடிக்கச் சொல்வேன். மேலே கொஞ்சம் தண்ணீர். பிறகு மழையைப் பற்றி ஏதாவது கேட்பேன். வாய் திறந்து பதில் சொன்னால் மருந்து உள்ளே போய்விட்டது.

"போதைக்கு மருந்தென்று இன்னொரு போதையையா கொடுக்கிறாய்?" என்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ஒருமுறை கேட்டார். ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கி, ஆளை மறுபடி தெருவுக்கு விரட்டும். மெத்தடோன் ஒரு நாள் முழுக்கத் தாங்கும், அம்மா. ஆனால் அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். மூன்று நாள் வராதவருக்குப் பழைய அளவை நான் கொடுக்க மாட்டேன்; உடலின் பழக்கம் தளர்ந்திருக்கும்.

இதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்து பியூப்ரினார்பின், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை. மூச்சு விஷயத்தில் அது மெத்தடோனைவிடப் பத்திரமானது. ஓர் அளவுக்கு மேல் அதன் வேகம் ஏறாது. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால்தான் பெரிய ஆபத்து. தொடங்குவதுதான் பாடு. ஹெராயின் உடலில் இருக்கும்போதே போட்டால் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். வாந்தி, நடுக்கம் எல்லாம் ஒரேயடியாக வரும். அதனால் ஹெராயின் இறங்கி உடல் முறுக்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சில மணி நேரத்தைத் தாங்க முடியாமல் பலர் திரும்பிப் போகிறார்கள். சிகிச்சையில் ஆட்களை அதிகம் பிடித்துவைப்பது மெத்தடோன்தான் என்பதில் எனக்கு வியப்பில்லை.

சாரம் கட்டும் ஒருவர் அதைத் தாங்கினார். தினமும் ஒரு மிடறு தண்ணீர் குடித்து வாயை நனைத்துக்கொண்டு, மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து, ரத்த அழுத்தக் கருவியின் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். கரைய எட்டு நிமிடம் ஆகும். பேச முடியாது, தலையை மட்டும் ஆட்டுவார். நானும் அவரைப் பார்க்காததுபோல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பேன்.

ஹெராயின் போதையே ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தும் உண்டு. ஒரு வாரமாவது ஹெராயினைத் தொடாமல் இருந்தால்தான் தொடங்கலாம். என் கடைக்கு அதன் சீட்டு வருவது அபூர்வம்.

சாரக்காரர் இப்போது மாதம் ஒருமுறை போடும் பியூப்ரினார்பின் ஊசிக்கு மாறிவிட்டார். போன வாரம் மகளுக்கு இருமல் மருந்து வாங்க வந்தார். விலையைக் கேட்டுவிட்டு, எதிர்க் கடையில் மலிவு என்று சொல்லிப் போனார்.