தேநீர்க் கடையில் தொங்கிய படம்

கம்பம் பள்ளத்தாக்கில் பாசனப் பொறியாளராக ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். பொறுப்பேற்ற வாரம் வாய்க்கால்களைக் காட்டக் கூட்டிப்போன லஸ்கர் (மதகுகளைத் திறந்து மூடும் ஊழியர்), மதகுக்குப் போகும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தச் சொன்னார். சுவரில் முருகன் படம், பக்கத்தில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் படம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கதம்பச் சரம். "நம்ம தொரை, சார். கும்பிட்டுட்டு வேலைய ஆரம்பிங்க" என்றார்.

கர்னல் ஜான் பென்னிகுக்கைப் பற்றி அதற்கு முன்பே படித்திருந்தேன். அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மலைக்குள் மறித்து, சுரங்கம் குடைந்து, வைகைப் பக்கம் திருப்பியவர். 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் பொடியும் சேர்த்துக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை அது. கட்டக் கட்ட வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனது. எனக்கு அதெல்லாம் பாடம். அந்த லஸ்கருக்கு அது சோறு.

லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தது 2013 ஜனவரி 15இல், அவருடைய பிறந்தநாளன்று. பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்த வீடுகள் உண்டு. மண்டபம் வருவதற்கு வெகு காலம் முன்பே வீட்டுச் சுவர்களில் அவர் படம் ஏறிவிட்டது. அரசு கட்டியதை மக்கள் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "சார், அவரு இங்கிலாந்துல இருந்த சொத்த வித்துதான் அணையக் கட்டுனாராமே?" சென்னை மாகாண அரசின் பணத்தில் கட்டியது என்று விளக்குவேன். அவர்கள் முகம் வாடும். பொறியாளன் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நமக்காகச் சொத்தையே விற்கும் அதிகாரி ஒருவர் இருந்தார் என்று ஒரு ஊர் நம்பினால், அடுத்து வரும் அதிகாரியை அது எந்த அளவுகோலால் அளக்கும் என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

வழக்கமாக ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்போம். பள்ளத்தாக்கில் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 14,707 ஏக்கர். ஒரு வருடம் மழை தள்ளிப்போய், முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டிவந்தது. வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரர்களின் நெருக்கடிக்கு நான் இடம் கொடுத்துவிட்டேன். வாய்க்காலின் கோடியில் உள்ள கடைமடைக்கு அடுத்தடுத்து இரண்டு முறை தண்ணீர் போகவில்லை. தவறு என்னுடையது.

கடைமடை விவசாயி ஒருவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு வரவில்லை. அதே தேநீர்க் கடையில் காத்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. படத்தைக் காட்டி, "தொரை மொகத்தப் பாத்துச் சொல்லுங்க சார், எங்க மடைக்கு எப்பத் தண்ணி வரும்?" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்று இரவு மேல் மதகுகளை அடைத்துவிட்டு, லஸ்கர்களோடு கரையிலேயே நின்றேன். விடியற்காலை நான்கு மணிக்கு அவருடைய வயலில் தண்ணீர் பாய்ந்தது. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை கடைமடை முறையைத் தவறவிடவில்லை.

பணி நிமித்தம் தேக்கடியிலிருந்து படகில் அணைக்குப் போயிருக்கிறேன். அணைக்கு வடக்கே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கட்டுமான நாட்களில் காய்ச்சலிலும் நோயிலும் மட்டும் நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள். அவர்கள் பெயர்களைப் பள்ளத்தாக்கில் நான் விசாரிக்காத ஊரில்லை. ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. மண்டபத்தில் அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு எழுதினேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஜனவரி 15இல் மணிமண்டபத்துக்குப் போனேன். பொங்கல் பொங்கி, குலவைச் சத்தம் அடங்கியிருந்தது. வயதான அம்மா ஒருவர் சிலைக்கு முன்னால் ஓர் இலை போட்டுப் படைத்தார். பிறகு இன்னோர் இலையில் பொங்கலை அள்ளிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.

"அது யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"எங்க பாட்டனோட அப்பா அணை வேலைக்குப் போனவரு தம்பி. திரும்பி வரல" என்றார். குனிந்து, இலையைத் தண்ணீரில் விட்டார்.