மீனுவும் புதிய மணல் பெட்டியும்

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், தோட்டக் குடியிருப்பான லயத்துப் பூனைகளுக்கு மலசலம் கழிக்கக் கொல்லை மண்ணே போதுமானதாக இருந்தது. இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டின் பின்புறம் முழுவதும் சிமெண்டு. என் பூனைகள் மீனுவுக்கும் கருப்பனுக்கும் மணல் தட்டுதான் கதி.

தட்டு விரிசல் விட்டதால், மூடியும் கதவும் வைத்த பெரிய பெட்டி வாங்கினேன். அன்றே பழையதைக் குப்பையில் போட்டேன். அவசரப்பட்டிருக்கக் கூடாது.

கருப்பன் இரண்டே நாளில் பழகிவிட்டான். மீனு ஒரு முன்னங்காலை மணலில் வைத்தாள், உதறினாள், பின்வாங்கினாள். மறுநாள் காலை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஈரம். திட்ட மனம் வரவில்லை. எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு தவித்தாளோ!

பழைய தட்டைத் தேடி எடுத்துக் கழுவி, விரிசலில் டேப் ஒட்டி, பழைய இடத்திலேயே வைத்தேன். பக்கத்தில் மூடி கழற்றிய புதிய பெட்டி. வாசனை மணல் வேண்டாம் என்று, அவளுக்குப் பழக்கமான மணலையே இரண்டு அங்குல ஆழத்துக்குப் பரப்பினேன். அவளுடைய சிறுநீர் பட்ட மணலில் ஒரு கரண்டி எடுத்து மேலே தூவினேன். மூட்டை இருந்த இடத்தை அமோனியா கலந்த திரவத்தால் துடைக்கவில்லை. அந்த வாடை பூனையைத் திரும்பவும் அங்கேயே இழுக்கும்.

ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது பழக்கச் சிக்கல் அல்ல. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒன்பதாம் நாள் இரவு பரக் பரக்கென்று மணல் கீறும் சத்தம். எட்டிப் பார்த்தேன். புதிய பெட்டிக்குள் மீனு, மூக்கு நுனியில் மணலோடு, மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய தட்டை இன்னும் எடுக்கவில்லை.