ஊதாத நேரமும் வாசிப்புதான்

என்னிடம் கிளாரினெட் கற்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்து பேண்டு செட் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மூச்சுக்குப் பஞ்சமே கிடையாது. ஜெனரேட்டர் இரைச்சல், சரவெடி, டிரம் எல்லாவற்றையும் தாண்டி மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஊதி வளர்ந்த பிள்ளைகள். நானும் அப்படி வந்தவன்தான், மீரட்டில் செய்த கருவியை வைத்து அப்பாவின் செட்டில் ஆரம்பித்தேன்.

பிறகு சென்னையில் சிம்பொனி வகை ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்தபோது புதிதாக இருந்தது நோட்ஸ் இல்லை, சும்மா இருப்பதுதான். நாற்பது பார், அதாவது தாளக் கட்டம், எண்ணிக்கொண்டே காத்திருந்து, புல்லாங்குழல் முடிக்கும் இடத்தில் இரண்டே பார் பதில் சொல்லிவிட்டு மறுபடி எண்ண வேண்டும், அந்த இரண்டு பாரும் எப்போது தொடங்கியது என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது. காற்றுக் கருவிகளில் இப்படி ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சத்தத்தை எழுப்ப கிளாரினெட்டை விட்டால் ஆளில்லை என்பேன். அதற்கு வாய்முனையில் கட்டியிருக்கும் மெல்லிய நாணல் பட்டையான ரீடை நாக்கால் தட்டக்கூடாது, உதட்டை இறுக்காமல் வயிற்றிலிருந்து காற்றை மட்டும் மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால் ரீடு தானாக அதிர ஆரம்பிக்கும். விரல் வேகத்தைவிட இதைக் கற்றுக்கொடுக்கத்தான் எனக்கு அதிக மாதங்கள் பிடிக்கின்றன.

புல்லாங்குழல் வாசித்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு இடத்தில் திணறுவார்கள். குழலில் அதே விரலோடு காற்றை அழுத்தினால் மேல் ஸ்தாயி சட்ஜம் வரும், இங்கே கட்டைவிரலால் மேல் சுரங்களுக்கான ரிஜிஸ்டர் கீயைத் திறந்தால் சட்ஜத்துக்கு மேல் ஸ்தாயி பஞ்சமம் வந்து நிற்கும். கருவியின் குணமே அது, குறைபாடு இல்லை. இந்தக் கருவியில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்தவர் ஏ.கே.சி. நடராஜன், 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிள்ளைகளுக்கு அவர் வாசிப்பை முதலில் கேட்க வைக்கிறேன், மொசார்ட் 1791இல் எழுதிய கிளாரினெட் கன்சர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதி அப்புறம்தான். இரண்டிலும் மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்று மட்டும் கவனிக்கச் சொல்வேன்.

எங்கள் ஊர் வெயில் தனிப் பாடம். காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை ஏசி அரங்கில் இறங்கினால் கருவி குளிர்ந்து சுருதி இறங்கியிருக்கும், எல்லோரும் சுருதி சேர்க்க ஓபோ என்ற குழல் கருவி 440 ஹெர்ட்ஸ் சுரம் கொடுப்பதற்கு முன்னாலேயே சத்தம் வராமல் வெறும் மூச்சை உள்ளே விட்டுச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். வேலூரில் மே மாதம் நேர் எதிர், சுருதி ஏறிப்போய், வாய்முனைக்குக் கீழே இருக்கும் குட்டித் துண்டான பேரலைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டியிருக்கும். ரீடின் நுனி காய்ந்து அலை அலையாகிவிடும், எச்சிலில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டின் மேல் கட்டைவிரலால் அழுத்தித் தட்டையாக்கிப் பார்ப்போம். சரியாக உட்கார்ந்தால் சரி, இல்லையென்றால் வேறு ரீடு.

இப்போது வகுப்பில் இரண்டு பேரை உட்காரவைத்து ஒருவர் நீண்ட சுரம் பிடிக்க, மற்றவர் அதற்குள் நுழையப் பழக்குகிறேன். முகூர்த்த நாளில் வகுப்பு வைப்பதில்லை. ஊர்வலத்துக்குப் போகாதே என்று எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை, அந்தப் பணத்தில்தான் ரீடு வாங்குகிறார்கள், அங்கே கிடைக்கிற மூச்சு வேறு எங்கும் கிடைக்காது. தெருவுக்கு ஒரு ரீடு, வகுப்புக்கு வேறு ரீடு வைத்துக்கொள் என்பது மட்டும் என் கண்டிப்பு.