பொட்லாவிட்சேவுக்குச் சேர வேண்டிய பங்கு

கால்பந்து வீரர் மாரெக் ஹாம்ஷிக் பந்து பழகியது ஸ்லோவாக்கியாவின் பான்ஸ்கா பிஸ்திரிட்சாவில், பொட்லாவிட்சே என்ற சின்ன கிளப்பில். அடுத்து ஸ்லோவான் பிராத்திஸ்லாவா. 2004இல், 17 வயதில், இத்தாலியின் பிரெஷா. 2007இல் நாப்போலி, அங்கே 520 ஆட்டங்கள், 121 கோல்கள். பிறகு சீனா, ஸ்வீடன், துருக்கி. ஒரு வீரர் இப்படிக் கைமாறும்போதெல்லாம் அவரைச் சிறுவயதில் வளர்த்த கிளப்புக்குப் பணம் வருமா என்பது காகிதத்தைப் பொறுத்தது. அந்தக் காகிதங்களைப் பார்த்துப் பழகியவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

ஒப்பந்தக் காலம் முடியும் முன் வீரர் விலைக்குப் போனால், அந்த விலையில் 5% சாலிடாரிட்டி பங்கு. 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகள் அதைப் பிரித்துக்கொள்ளும். 12 முதல் 15 வரை ஒவ்வொரு சீசனுக்கும் விலையில் 0.25%, 16 முதல் 23 வரை 0.5%. விலை ஒரு கோடி யூரோ என்றால், 13 வயதுப் பையனை ஒரு சீசன் வைத்திருந்த கிளப்புக்கு 25,000 யூரோ. பொட்லாவிட்சே மாதிரி கிளப்புக்கு அது ஒரு மைதானத்தையே சீர்செய்யும் பணம்.

ஹாம்ஷிக்கை நாப்போலி வாங்கியது சுமார் 55 லட்சம் யூரோவுக்கு. ஆனால் விற்றதும் வாங்கியதும் இத்தாலியக் கிளப்புகள். ஒரே நாட்டுக்குள் நடக்கும் விற்பனையில் வெளிநாட்டுப் பயிற்சிக் கிளப்புக்கு அன்று பங்கு கிடையாது. 2020 ஜூலையில்தான் ஃபிஃபா அதைச் சேர்த்தது. நியாயமான திருத்தம், ரொம்பத் தாமதமாக வந்தது. 2019இல் சீனாவின் டாலியானுக்குப் போனதோ நாடு விட்டு நாடு. அப்போது அவருக்கு 31 வயது. ஆனாலும் பங்கு உண்டு, ஏனென்றால் கணக்குப் பார்ப்பது வளர்த்த வயதை, விற்ற வயதை அல்ல. 2021இல் ஸ்வீடனின் கோட்டென்பர்குக்கு விலையில்லாமல் போனார். விலை இல்லையென்றால் பங்கும் இல்லை.

பணம் தவறிப்போவது பெரும்பாலும் வீரர் பாஸ்போர்ட்டில். எந்தக் கிளப், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அமெச்சூரா தொழில்முறையா என்று வரிவரியாக எழுதிய பதிவு அது. இடையில் ஒரு வருடம் விட்டுப்போனால் அந்த வருடத்துப் பங்கும் போச்சு. சிறுவர் அணிப் பதிவை உள்ளூர்ச் சங்கம் கணினியில் ஏற்றவே இல்லை என்பது வழக்கமாகக் காதில் விழும் புகார். பிறந்த மாதத்தையும் கவனியுங்கள். சீசன் ஜூலை 1இல் தொடங்கினால், ஹாம்ஷிக் மாதிரி 1987 ஜூலை 27இல் பிறந்தவருக்கு 12ஆம் வயதுக் கணக்கு 1999–2000 சீசன். ஒரு மாதம் முன்னால் பிறந்திருந்தால் 1998–99.

2022 நவம்பரிலிருந்து பணம் பாரிஸிலுள்ள ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் வழியாக வருகிறது; இந்தப் பங்குகளை வாங்கிக் கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு அது. மின்னணுப் பாஸ்போர்ட் வரைவு வெளியானதும் சரிபார்க்க 10 நாள்தான். அதற்குள் பழைய பதிவு அட்டை, அணிப் பட்டியல், சங்கத்தின் முத்திரையிட்ட கடிதம் மூன்றையும் கையில் வைத்திருங்கள். கிளப்பின் வங்கிக் கணக்கு, நிர்வாகிகளின் அடையாள ஆவணங்கள் எல்லாம் தனியாகச் சோதிக்கப்படும். அதில் தேறாவிட்டால் பங்குக் கணக்கு சரியாக இருந்தும் பணம் வராது. பதிவேட்டில் கையெழுத்திட்ட பழைய செயலாளர் உயிரோடு இருந்தால், முதல் வேலையாக அவரைப் போய்ப் பாருங்கள்.