லோயர் ஆர்ம் போல்ட்டோடு மூன்று ஞாயிறு

வண்டி 1998 மாருதி 800. தூத்துக்குடி உப்புக்காற்றிலேயே ஓடித் தேய்ந்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். டிரைவர் பக்கச் சக்கரத்தைக் கழற்றிக் கம்பியால் நெம்பிப் பார்த்ததில், சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் கையான லோயர் ஆர்மின் உள்பக்கப் புஷ்ஷில் (அதிர்வு தாங்கும் உருளை) ரப்பர் பாதி கிழிந்திருந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றினால் ஆர்ம் கையில் வந்துவிடும், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு நட் சுலபமாக வந்தது. போல்ட் வரவில்லை. ஸ்பானரில் பைப் மாட்டி அழுத்தினால் கால் சுற்று போகும். கையை எடுத்ததும் திரும்பி வந்துவிடும். மரைதான் பிடித்திருக்கிறது என்று எண்ணி மாலைவரை அதே வேலை.

லேத் பட்டறை அண்ணாச்சியிடம் சொன்னேன். "நட்டு வந்துட்டுல்லா? அப்போ மரையில கோளாறு இல்ல தம்பி. உள்ள குழாயைப் பிடிச்சிருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் விஷயம் விளங்கியது. ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழாய், அதற்குள் போல்ட். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அதில் உப்பு ஈரம் இறங்கித் துருவாகிறது. துருவுக்கு, அது தின்ற இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அதனால் போல்ட்டும் குழாயும் ஒரே துண்டாக இறுகிவிடுகின்றன. நான் திருகத் திருகக் குழாயும் கூடவே சுற்றியது, வெளியே இருந்த ரப்பர் ஸ்பிரிங் மாதிரி முறுக்கித் திருப்பிவிட்டது. சுத்தியல் அடியையும் அந்த ரப்பரே வாங்கிக்கொண்டது.

அந்த வாரம் முழுக்கக் காலையும் இரவும் துரு இளக்கும் எண்ணெய் அடித்தேன். இரண்டாவது ஞாயிறும் அசையவில்லை. குழாயின் இரு முனையும் ஆர்மைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டை ஒட்டி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும்போது எண்ணெய் உள்ளே போக வழி ஏது? கேஸ் வைத்துச் சூடாக்க மனம் வரவில்லை. ரப்பர் பற்றிக்கொள்ளும், பிரேக் ஹோஸ் பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு அறுத்தேன். கிரைண்டர் நுழைய இடமில்லை. எக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றி, புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே விட்டு, குழாயோடு சேர்த்துப் போல்ட்டை அறுத்தேன். பிராக்கெட்டில் பிளேடு படாமல் பார்ப்பதுதான் கஷ்டம். அது பாடியோடு சேர்ந்தது, மாற்ற முடியாது. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம், மொத்தம் நான்கு பிளேடு. இரண்டாவது வெட்டு முடிந்து ஆர்ம் தொங்கியபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பழைய போல்ட்டின் தலையில் இருந்த அதே வலிமை எண் பொறித்த புதிய போல்ட்டைத் தேடி வாங்கினேன். இந்த இடத்தில் சாதா போல்ட் போடவே கூடாது. மரையை விட்டுவிட்டு, குழாய்க்குள் இருக்கும் வழவழப்பான பகுதியில் மட்டும் துரு பிடிக்காத பேஸ்ட் தடவினேன். மரையில் பட்டால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் (இறுக்கும் திருகு விசையில்) போல்ட் அளவுக்கு மேல் இழுபட்டுவிடும்.

கடைசி இறுக்கலைச் சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் செய்தேன். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

இப்போது வலப்பக்கம் சத்தமில்லை. இடப்பக்கத்து நட்டை நேற்று கழற்றிப் பார்த்தேன். போல்ட் கால் சுற்று போய்த் திரும்பி வருகிறது. பிளேடு வாங்கி வைத்துவிட்டேன்.