தட்டு கழுவ ஒரு வரிசை

அமிர்தசரஸ் பொற்கோயில் வாசலில் என் செருப்பை வாங்கிக்கொண்டவருக்கு அறுபது வயதிருக்கும். பளிச்சென்ற தலைப்பாகை, கையில் விலையுயர்ந்த கடிகாரம். டோக்கன் கொடுத்துக் கும்பிட்டார். நான்தான் கூச்சத்தில் நெளிந்தேன்.

இன்னும் விடியவில்லை. தலையில் துணி கட்டி, ஓடும் தண்ணீரில் கால் நனைத்தால் அப்புறம் படிகள். கோயிலுக்கு ஏறிப் போய்த்தான் பழக்கம். இங்கே இறங்கிப் போக வேண்டும். இரவு எதிரே உள்ள அகால் தக்த் கட்டடத்தில் இருந்த சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபைப் பல்லக்கில் தோள் மாற்றிச் சுமந்து வந்தார்கள். சீக்கியர்களின் ஐந்தாம் குருவான அர்ஜன் 1604-இல் இங்கே எழுந்தருளச் செய்த ஆதி கிரந்தம்தான் பின்னாளில் 1430 பக்க நூலாகி, குருவாகவே ஆனது. அதைத் திறந்ததும் கண்ணில் படும் பாடல்தான் அன்றைய கட்டளை. ஹுக்கம்நாமா என்கிறார்கள். பக்கத்தில் நின்ற பையனின் அக்கா கனடாவில் இருக்கிறாளாம். இங்கே விடியும்போது அங்கே சாயங்காலம். வேலை முடிந்து வந்ததும் போனில் இதைப் படித்த பிறகுதான் மற்றதெல்லாம் என்றான்.

எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் லங்கருக்குப் போனேன். சாதாரண நாளிலேயே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சாப்பிடும் இடம். ஒரு முனையில் மாவு போக, மறுமுனையில் ரொட்டி ரொட்டியாக எந்திரம் தள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, சொன்னால் என்ன? ஆனால் சற்றுத் தள்ளி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எந்திரம் இருக்கிறதே என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். “அப்படியென்றால் நாங்கள் என்ன செய்வது?” என்றார் ஒரு பாட்டி, உருண்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பந்தியில் தரையில் உட்கார்ந்தோம். எனக்கு இந்தப் பக்கம் ஒரு மூட்டை தூக்குபவர், அந்தப் பக்கம் கேமராவும் கையுமாக ஒரு வெளிநாட்டுப் பெண். ரொட்டிக்கு இங்கே பர்ஷாதா என்று பெயர். பரிமாறுபவர் வந்ததும் வழக்கம்போல ஒரு கையை நீட்டினேன். அவர் போடவில்லை, நின்றார். மூட்டைக்காரர் முழங்கையால் லேசாக இடித்து, தன் இரண்டு கைகளையும் ஏந்திக் காட்டினார். சரி என்று ஏந்தினேன். சூடாக விழுந்தது. எந்திரத்து ரொட்டியா, பாட்டி தேய்த்ததா, தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டுத் தட்டு கழுவும் தொட்டிப் பக்கம் போனேன். அங்கே நிற்க இடம் கிடைக்கவே பத்து நிமிடம் ஆனது.